எட்டு வாரம், எட்டு ஆட்டம், இடைவெளி இல்லை: பிக் டென் கூட்டமைப்பின் 2020 பருவம் குறித்த நிகழ்வு ஆய்வு

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் 2020ஆம் ஆண்டு எந்தக் கூட்டமைப்புக்கும் எளிதாக அமையவில்லை. ஆயினும் ஒரே பருவத்துக்கு அட்டவணை வெளியிட்டு, ஆறே நாளில் அதைத் தள்ளிவைத்து, இனி மறுபரிசீலனை இல்லை என்று எழுத்தில் அறிவித்து, பிறகு ஐந்து வாரங்களுக்குள் ஒருமனதாகத் திரும்பிவந்து, இறுதியில் தான் வகுத்த தகுதி விதியையும் பருவத்தின் கடைசி வாரங்களில் நீக்கிய கூட்டமைப்பு பிக் டென் ஒன்றுதான். முடிவெடுத்தவர்கள் பொறுப்பற்றவர்கள் அல்லர். அவர்கள் கையில் இருந்த மருத்துவத் தகவல்களும் அற்பமானவை அல்ல. அப்படியிருந்தும் பருவம் ஏன் இவ்வாறு அமைந்தது என்பதை வரிசைப்படி பதிவு செய்வதே இந்த ஆய்வின் நோக்கம். இதில் தனிமனிதர் எவரும் பெயரால் சுட்டப்படவில்லை.

பின்னணி

இங்கே கால்பந்து என்பது நாம் அறிந்த கால்பந்து அன்று. தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியினரை உடலால் முட்டி முன்னேறும் அமெரிக்கக் கால்பந்து. ஓர் ஆட்டத்தில் ஒரே கோட்டின் இருபுறமும் வீரர்கள் முகத்துக்கு முகம் குனிந்து நின்று மோதுவது நூறு முறைக்கு மேல் நிகழும். மூச்சுக்காற்றால் பரவும் நோய்க்காலத்தில் இதைவிட இடர் மிகுந்த குழு விளையாட்டைக் காண்பது அரிது.

பிக் டென் 1896இல் தோன்றியது; அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில் இதுவே மிகப் பழைய கூட்டமைப்பு. பெயரில் பத்து இருந்தாலும் 2020இல் அதன் உறுப்பினர்கள் 14 பல்கலைக்கழகங்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒகையோ, மிச்சிகன், விஸ்கான்சின், அயோவா, நெப்ராஸ்கா போன்ற மத்திய மேற்கு மாநிலங்களின் பெரும் அரசுப் பல்கலைக்கழகங்கள். மிச்சிகன், பென் ஸ்டேட், ஒகையோ ஸ்டேட் ஆகிய மூன்றின் அரங்குகளும் ஒவ்வொன்றும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொள்ளக்கூடியவை. கால்பந்தின் நுழைவுச்சீட்டும் தொலைக்காட்சி உரிமமும் ஈட்டும் வருவாயைக் கொண்டே நீச்சல், மல்யுத்தம், தடகளம் முதலிய பிற விளையாட்டுகள் பெரிதும் நடத்தப்படுகின்றன. ஆகவே கால்பந்தை நிறுத்துவது ஒரு விளையாட்டை மட்டும் நிறுத்துவதாகாது.

கூட்டமைப்பின் இறுதி அதிகாரம் பல்கலைக்கழகத் தலைவர்களும் வேந்தர்களும் அடங்கிய குழுவிடம் இருக்கிறது. ஆணையர் அதன் நிர்வாகத் தலைமை. விளையாட்டுத் துறை இயக்குநர்களும் பயிற்றுநர்களும் கருத்துச் சொல்லலாம், வாக்கு தலைவர்களுடையது. இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால்தான் ஆகஸ்டில் நடந்தது விளங்கும்.

ஆகஸ்ட் 5 முதல் 11 வரை

ஜூலை 9 அன்று, இலையுதிர்கால விளையாட்டுகள் அனைத்தும் கூட்டமைப்புக்குள் மட்டுமே நடக்கும் என்று பிக் டென் அறிவித்தது. வெளி அணிகளின் பரிசோதனை முறை எப்படியிருக்கும் என்று தெரியாத நிலையில் இது அறிவார்ந்த முடிவு. பிற கூட்டமைப்புகள் சிலவும் பின்னர் இவ்வழியே வந்தன. ஆகஸ்ட் 5 அன்று வெளியான அட்டவணையும் நன்கு சிந்தித்து அமைக்கப்பட்டதே. ஒவ்வோர் அணிக்கும் பத்து ஆட்டங்கள். அவை குறைந்தது 12 வாரங்களில் பரப்பப்பட்டிருந்தன. தடைப்படும் ஆட்டத்தைப் பின்னர் நடத்திக்கொள்ள இடைவெளி வாரங்களும் இருந்தன. செப்டம்பர் முதல் வாரத்திலேயே தொடங்குவதாகத் திட்டம்.

ஆறு நாட்கள் கழித்து, ஆகஸ்ட் 11 அன்று, கால்பந்து உட்பட அனைத்து இலையுதிர்கால விளையாட்டுகளும் ஒத்திவைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. மூன்று நாட்களுக்கு முன் மிட்-அமெரிக்கன் கூட்டமைப்பு இதே முடிவை எடுத்திருந்தது. அதே நாளில் பசிபிக் கரையின் பேக்-12 கூட்டமைப்பும் எடுத்தது. ஆனால் தெற்கின் எஸ்.இ.சி., ஏ.சி.சி., பிக் 12 ஆகிய மூன்று பெரிய கூட்டமைப்புகள் விளையாடுவதென்ற முடிவில் நிலைத்தன.

ஒத்திவைப்புக்குக் காரணமாக அமைந்த மருத்துவக் கவலைகளில் முதன்மையானது, கோவிட் தொற்றுக்குப் பின் இளம் விளையாட்டு வீரர்களிடம் காணப்பட்ட இதயத்தசை அழற்சி. கடும் உடற்பயிற்சியின்போது அது திடீர் மரணத்துக்கு வழிவகுக்கக்கூடும் என்பது இதய மருத்துவர்கள் முன்பே அறிந்த செய்தி. கோவிடுக்குப் பின் அது எத்தனை பேருக்கு வருகிறது என்பதுதான் அப்போது தெரியாதிருந்தது. பரிசோதனை முடிவுகள் கிடைக்கத் தாமதமாவதும் மற்றொரு தடை. இந்த இரு காரணங்களையும் எடைபோட்டுப் பார்த்தால் ஆகஸ்ட் முடிவு தவறென்று நான் கருதவில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயது மாணவர்கள் அப்போது ஊதியமின்றி ஆடிய விளையாட்டில், விடை தெரியாத இதய நோய்க் கேள்வி எழும்போது நிறுத்துவது நியாயமானதே. தவறு முடிவில் இல்லை; அது வெளியே சொல்லப்பட்ட விதத்தில் இருந்தது.

அறிவிப்புக்குப் பின் ஐந்து வாரங்கள்

அறிவிப்பில் வாக்கு விவரம் இல்லை. எந்த மருத்துவ அளவுகோல் எட்டப்பட்டால் ஆட்டம் மீளும் என்ற குறிப்பும் இல்லை. வாக்கெடுப்பு என ஒன்று நடந்ததா என்பதே தமக்குத் தெளிவாகத் தெரியவில்லை என்று உறுப்புப் பல்கலைக்கழகம் ஒன்றின் விளையாட்டுத் துறை இயக்குநர் வெளிப்படையாகச் சொல்லும் நிலை வந்தது. ஒகையோ ஸ்டேட் அணியின் குவாட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை வழிநடத்தும் வீரர்) இணையத்தில் தொடங்கிய விண்ணப்பத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். இல்லினாய் மாநிலத்தின் ரோஸ்மாண்டில் உள்ள கூட்டமைப்பின் தலைமையகத்துக்கு வெளியே வீரர்களின் பெற்றோர் திரண்டு காரணம் கேட்டனர்.

ஆகஸ்ட் 19 அன்று ஆணையர் வெளியிட்ட திறந்த மடல், தலைவர்களின் வாக்கு மிகப் பெரும்பான்மையாக ஒத்திவைப்பை ஆதரித்தது என்றும், அது மறுபரிசீலிக்கப்படாது என்றும் கூறியது. மருத்துவக் காரணங்களை இம்மடல் முன்பைவிட விரிவாகச் சொன்னது. ஆனால் வாக்கு எண்ணிக்கையை அப்போதும் சொல்லவில்லை. ஆகஸ்ட் 27 அன்று நெப்ராஸ்கா அணியின் எட்டு வீரர்கள் லங்காஸ்டர் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அந்த வழக்கில் கூட்டமைப்பு அளித்த பதில் வழியாகத்தான் வாக்கு 11க்கு 3 என்பது வெளிவந்தது. எதிர்த்தவை ஒகையோ ஸ்டேட், அயோவா, நெப்ராஸ்கா. விதிப்படி 60 விழுக்காடு ஆதரவு போதும். அதாவது முடிவு முறையானது, வலுவான பெரும்பான்மை கொண்டது. முதல் நாளே சொல்லியிருந்தால் கூட்டமைப்புக்குப் பலம் சேர்த்திருக்கக்கூடிய ஓர் எண், வழக்கின் வழியாக வந்ததால் மறைக்கப்பட்ட உண்மை போலத் தோன்றிவிட்டது.

செப்டம்பர் 1 அன்று நாட்டின் குடியரசுத் தலைவர் ஆணையருடன் தொலைபேசியில் பேசி, பருவத்தை உடனே தொடங்குவது பற்றிப் பேசியதாக அறிவித்தார். தேர்தல் ஆண்டு, பிக் டென் மாநிலங்களில் பல, போட்டி கடுமையாக இருந்த மாநிலங்கள். அதற்குப் பின் மருத்துவக் காரணத்துக்காக எடுக்கப்படும் எந்த முடிவையும் அரசியல் முடிவென்று ஒரு சாரார் பார்ப்பதைத் தவிர்க்க முடியவில்லை. செப்டம்பர் 12 வாக்கில் தெற்கே ஆட்டங்கள் தொடங்கிவிட்டன. தொலைக்காட்சியில் பிறர் ஆடுவதைப் பிக் டென் வீரர்கள் வீட்டிலிருந்து பார்த்தனர்.

செப்டம்பர் 16: மீண்டும் தொடங்கும் முடிவு

செப்டம்பர் 16 அன்று தலைவர்கள் குழு ஒருமனதாக முடிவை மாற்றியது. ஆட்டங்கள் அக்டோபர் 23, 24 தேதிகளில் தொடங்கும். ஒவ்வோர் அணிக்கும் எட்டு வாரங்களில் எட்டு ஆட்டங்கள். டிசம்பர் 19 அன்று கிழக்கு, மேற்குப் பிரிவுகளின் முதல் அணிகள் பட்டத்துக்கு மோதும். மற்ற அணிகளுக்கும் அதே வார இறுதியில் ஒன்பதாவது ஆட்டம் உண்டு. பொதுமக்களுக்கு நுழைவுச்சீட்டு விற்பனை இல்லை.

இடையில் மாறியது என்ன? தினசரி விரைவு ஆன்டிஜென் பரிசோதனை கிடைக்கும் நிலை வந்தது; செப்டம்பர் 30க்குள் அது எல்லா அணிகளிலும் தொடங்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இதயப் பரிசோதனைக்கும் கூட்டமைப்பு முழுமைக்கும் பொதுவான நடைமுறை வகுக்கப்பட்டது. தொற்று உறுதியான வீரர் இரத்தப் பரிசோதனை, மின்னிதய வரைவு (ஈ.சி.ஜி.), இதய எதிரொலிப் பரிசோதனை (எக்கோ), இதய எம்.ஆர்.ஐ. ஆகியவற்றைக் கடந்து, குறைந்தது 21 நாட்களுக்குப் பிறகே போட்டியில் ஆடலாம். அணியின் பரிசோதனைகளில் ஏழு நாள் சராசரித் தொற்று விகிதம் 5 விழுக்காட்டையும், அணியும் பணியாளரும் சேர்ந்த மொத்தத் தொகையில் தொற்றுற்றோர் விகிதம் 7.5 விழுக்காட்டையும் தாண்டினால், பயிற்சியும் ஆட்டமும் குறைந்தது ஏழு நாட்கள் நிறுத்தப்பட வேண்டும்.

அரசியலும் பணமும்தான் முடிவை மாற்றின என்று அன்று பலர் எழுதினர். அவற்றின் அழுத்தம் இல்லாமலிருந்தது என்று சொல்ல இடமில்லை. ஆனாலும் இந்த நடைமுறையைப் படித்தால், இது வெறும் மூடுதிரை அன்று என்பது தெரியும். 21 நாள் விதி, ஒரு வீரருக்குத் தொற்று வந்தால் மூன்று ஆட்டங்களை அவர் இழக்கச் செய்யும் கடுமையான விதி. எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் என்பது செலவு மிகுந்த ஏற்பாடு. மருத்துவர்கள் கேட்டதைப் பெருமளவு பெற்றார்கள் என்றே கொள்ள வேண்டும்.

பெறாமல் போனது காலம். தேசிய அரையிறுதியில் ஆடும் நான்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் தேசியத் தேர்வுக் குழு, டிசம்பர் 20 அன்று தன் இறுதிப் பட்டியலை அறிவிக்கும். அதற்குள் எட்டு ஆட்டங்களும் பட்டப்போட்டியும் முடிய வேண்டுமென்றால் இடைவெளி வாரம் ஒன்றுகூட வைக்க முடியாது. ஆகஸ்ட் 5 அட்டவணையில் இருந்த மிகச் சிறந்த கூறு, எந்த நோய்க்காலத்துக்கு அது தேவைப்பட்டதோ அந்தக் காலத்திலேயே கைவிடப்பட்டது. ஒப்பிட்டுப் பார்த்தால், எஸ்.இ.சி. செப்டம்பர் 26 அன்று தொடங்கிப் பத்து ஆட்டங்களை வைத்தும், ஒவ்வோர் அணிக்கும் நடுவில் ஓர் ஓய்வு வாரத்தையும், டிசம்பர் 12ஐ அனைவருக்கும் பொதுவான ஈடுகட்டும் நாளாகவும் வைத்துக்கொள்ள முடிந்தது. பிக் டென் இழந்த நான்கு வாரங்களின் விலை அதுதான். நடக்காமல் போகும் ஆட்டம் தோல்வியாகவோ வெற்றியாகவோ கருதப்படாமல் இல்லாததாகவே கொள்ளப்படும் என்றும், பட்டப்போட்டிக்குத் தகுதி பெற ஆறு ஆட்டங்களாவது ஆடியிருக்க வேண்டும் என்றும் விதி வைக்கப்பட்டது.

களத்தில் கண்டவை

அக்டோபர் 23 வெள்ளி இரவு மேடிசன் நகரில் விஸ்கான்சின், இல்லினாயை 45–7 என்று வென்றது. விஸ்கான்சினின் இளம் குவாட்டர்பேக் 21 வீச்சுகளில் 20ஐச் சரியாகச் சேர்த்து ஐந்து டச் டவுன்களுக்கு (பந்தை எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் சேர்த்துப் புள்ளி பெறுவது) வழிசெய்தார். ஐந்து நாட்கள் கழித்து அந்த அணி தன் செயல்பாடுகளை நிறுத்தியது. தலைமைப் பயிற்றுநர் உட்பட ஆறு பணியாளர்களுக்கும் ஆறு வீரர்களுக்கும் தொற்று உறுதியாகியிருந்தது. நெப்ராஸ்கா, பர்டியூ அணிகளுடனான அடுத்த இரு ஆட்டங்களும் கைவிடப்பட்டன. காலியான சனிக்கிழமையில் வெளி அணியொன்றுடன் ஆடிக்கொள்ள நெப்ராஸ்கா கேட்டது, கூட்டமைப்பு மறுத்தது. பரிசோதனைத் தரம் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற முதல் காரணத்தோடு இந்த மறுப்பு ஒத்துப்போனது. அணிக்கோ ஆட ஆளிருந்தும் எதிரணியில்லை.

தொற்றலையின் காலமும் சாதகமாக இல்லை. ஆகஸ்டில் தள்ளிவைத்தபோது இருந்ததைவிட, ஆட்டம் மீண்ட அக்டோபர் இறுதியிலும் நவம்பரிலும் மத்திய மேற்கு மாநிலங்களில் நோய் மிகக் கடுமையாகப் பரவியது. நவம்பர் தொடக்கத்தில் நாட்டின் ஒருநாள் தொற்று எண்ணிக்கை முதன்முறையாக ஒரு லட்சத்தைக் கடந்தது. மாணவர்கள் வளாகத்துக்குத் திரும்பியிருந்தனர். குளிர் தொடங்கி எல்லோரும் அறைகளுக்குள் அடைந்திருந்தனர்.

மேரிலாந்தில் தொற்று பரவியதால் நவம்பர் 14 அன்று ஒகையோ ஸ்டேட்டுடனும், அடுத்த வாரம் மிச்சிகன் ஸ்டேட்டுடனும் நடக்கவிருந்த ஆட்டங்கள் நின்றன. நவம்பர் 28 அன்று ஒகையோ ஸ்டேட் அணியிலேயே பரவல் ஏற்பட்டு இல்லினாயுடனான ஆட்டம் நின்றது. அதே நாளில் மினசோட்டா – விஸ்கான்சின் ஆட்டமும் நின்றது. அந்த இரு அணிகளும் 1907 முதல் ஆண்டு தவறாமல் மோதி வருபவை. அது மட்டும் பின்னர் டிசம்பர் 19 அன்று நடத்தப்பட்டுத் தொடர்ச்சி காப்பாற்றப்பட்டது. மிச்சிகன் – ஒகையோ ஸ்டேட் ஆட்டத்துக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. டிசம்பர் 12 அன்று நடக்கவிருந்த அது, மிச்சிகன் அணியின் தொற்று காரணமாக நான்கு நாட்களுக்கு முன் கைவிடப்பட்டது. 1918 முதல் ஒரே ஓர் ஆண்டும் விடுபடாத அந்த மோதல் இல்லாமலேயே ஒரு பருவம் முடிந்தது. இண்டியானா – பர்டியூ ஆட்டம் இருமுறை நிச்சயிக்கப்பட்டு இருமுறையும் நடக்கவில்லை.

முதலில் வகுத்த 56 ஆட்டங்களில் பத்து, குறித்த நாளில் நடக்கவில்லை. எட்டு ஆட்டங்களையும் திட்டமிட்டபடி ஆடி முடித்தவை பென் ஸ்டேட், ரட்கர்ஸ், அயோவா ஆகிய மூன்றே அணிகள். ஒகையோ ஸ்டேட், விஸ்கான்சின், மேரிலாந்து ஆகியவை அந்த எட்டில் ஐந்தை மட்டுமே ஆடின. இந்தப் பத்தில் எத்தனையை இடைவெளி வாரங்கள் காப்பாற்றியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. விஸ்கான்சின் போன்று இரு வாரங்கள் முடங்கிய அணிக்கு ஒன்றையாவது காப்பாற்றியிருக்கும்.

ஆறு ஆட்ட விதி

மிச்சிகன் ஆட்டம் நின்றதும் ஒகையோ ஸ்டேட் ஐந்து வெற்றி, தோல்வி இல்லை என்ற நிலையில் நின்றுவிட்டது. விதிப்படி தகுதியில்லை. அந்த இடத்துக்கு வரவேண்டியது ஆறு வெற்றி, ஒரு தோல்வி கொண்ட இண்டியானா. இண்டியானா நெடுங்காலம் கிழக்குப் பிரிவின் கீழ்வரிசையில் கிடந்த அணி. அந்த ஆண்டு முதல் ஆட்டத்திலேயே பென் ஸ்டேட்டைக் கூடுதல் நேரத்தில் 36–35 என்று வென்றது. அதன் ஒரே தோல்வி நவம்பர் 21 அன்று ஒகையோ ஸ்டேட்டிடம் 42–35 என்பது.

டிசம்பர் 9 அன்று விளையாட்டுத் துறை இயக்குநர்களின் பரிந்துரைப்படி கூட்டமைப்பு அந்த விதியை நீக்கியது. சொல்லப்பட்ட காரணம் இது: மிச்சிகனுடனான ஆட்டம் நடந்து ஒகையோ ஸ்டேட் தோற்றிருந்தாலும், இண்டியானாவை நேரடியாக வென்றதால் அதுவே பிரிவின் முதலிடம் பெற்றிருக்கும், ஆகவே எதிரணியின் நோயால் நின்ற ஆட்டத்துக்காக அதைத் தண்டிப்பது பொருந்தாது. இந்தத் தர்க்கம் சரியானது. ஒகையோ ஸ்டேட்டுக்கு நின்ற மூன்று ஆட்டங்களில் இரண்டு எதிரணிகளின் தொற்றால் நின்றவை என்பதும் உண்மை. ஆனால் பட்டப்போட்டிக்குப் பத்து நாட்கள் இருக்கையில், தேசிய இறுதிச்சுற்றுக்குச் செல்லக்கூடிய ஒரே அணிக்காக விதி மாற்றப்பட்டது என்பதும் உண்மை. இண்டியானா வீரர்களுக்கு இந்த இரண்டாவது உண்மைதான் வலித்தது. அவர்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆடச் சொன்ன ஆட்டங்களை ஆடினார்கள், விதியைக் கடைப்பிடித்தார்கள், பருவம் முடியும்போது விதி இல்லை. டிசம்பர் நடுவில் 21 நாள் காத்திருப்பும் 17 நாட்களாகக் குறைக்கப்பட்டது.

விளைவுகள்

டிசம்பர் 19 அன்று இண்டியானாபொலிஸில் ஒகையோ ஸ்டேட், மேற்குப் பிரிவின் நார்த்வெஸ்டர்னை 22–10 என்று வென்றது. அதன் ஓட்டவீரர் ஒருவர் 331 கெஜம் ஓடி அணியின் சாதனையை முறியடித்தார். ஆறே ஆட்டங்கள் ஆடிய அணியாக அது தேசிய அரையிறுதிக்குள் மூன்றாம் இடத்தில் நுழைந்தது. எட்டு வெற்றி, ஒரு தோல்வி கொண்ட டெக்சஸ் ஏ அண்ட் எம் ஐந்தாம் இடத்தில் வெளியே நின்றது. ஜனவரி 1 அன்று கிளம்சனை 49–28 என்று வென்ற ஒகையோ ஸ்டேட், ஜனவரி 11 அன்று அலபாமாவிடம் 52–24 என்று தோற்றது.

பருவம் முடிந்தபின் அழைக்கப்பட்ட அணிகள் ஆடும் பவுல் ஆட்டங்களில் ஒன்றான அவுட்பேக் பவுலில் இண்டியானா 26–20 என்று தோற்றது. நார்த்வெஸ்டர்ன் சிட்ரஸ் பவுலில் ஆபர்னை 35–19 என்று வென்றது. எட்டு ஆட்டங்களையும் தவறாமல் ஆடிய அயோவாவுக்கு, எதிரணியின் தொற்றால் பவுல் ஆட்டமே கிடைக்கவில்லை.

மருத்துவத் தரப்பில் கிடைத்த பலன், இந்தப் பருவத்தில் பெரிதும் பேசப்படாதது. கட்டாய எம்.ஆர்.ஐ. விதியால் பிக் டென் பல்கலைக்கழகங்களில் ஒரே முறையிலான பெரும் பதிவேடு உருவாயிற்று. 2021 மே மாதம் வெளியான அதன் முடிவுப்படி, தொற்றுக்குப் பின் எம்.ஆர்.ஐ. செய்யப்பட்ட 1,597 வீரர்களில் 37 பேருக்கு, அதாவது 2.3 விழுக்காட்டினருக்கு, இதயத்தசை அழற்சி கண்டறியப்பட்டது. அறிகுறிகளை மட்டும் நம்பியிருந்தால் அவர்களில் ஐந்து பேர்தான் அகப்பட்டிருப்பர். 2020 செப்டம்பரில் 26 வீரர்களை மட்டும் ஆராய்ந்த முந்தைய ஆய்வு 15 விழுக்காடு என்று காட்டியிருந்தது. ஆகஸ்டின் அச்சம் கற்பனையல்ல என்பதையும், அதன் அளவு அஞ்சியதைவிடக் குறைவு என்பதையும் ஒருங்கே சொல்லும் எண்கள் இவை. ஆடாமலிருந்தால் இவை கிடைத்திருக்காது. 21 நாள் விதியும் எம்.ஆர்.ஐ.யும் இல்லாமல் ஆடியிருந்தாலும் கிடைத்திருக்காது.

மாற்ற வேண்டியவை

முதலாவதும் முதன்மையானதும், ஒத்திவைப்பின்போதே மீள்வதற்கான நிபந்தனைகளைச் சொல்லிவிடுவது. தினசரி பரிசோதனை கிடைத்தால், இதயப் பரிசோதனை நடைமுறை தயாரானால் மீண்டும் கூடி ஆராய்வோம் என்று ஆகஸ்ட் 11 அறிவிப்பு கூறியிருக்குமானால், செப்டம்பர் 16 முடிவு அதன் நிறைவேற்றமாகத் தோன்றியிருக்கும், பின்வாங்கலாகத் தோன்றியிருக்காது. மறுபரிசீலனை இல்லை என்ற வாசகம் மருத்துவச் சூழல் வாரந்தோறும் மாறிய ஒரு காலத்தில் எழுதப்பட்டிருக்கவே கூடாது. வாக்கு எண்ணிக்கையை அதே நாளில் வெளியிடுவதற்கும் எந்தத் தடையும் இருக்கவில்லை.

அடுத்து அட்டவணை. காலம் குறுகும்போது ஆட்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்து இடைவெளியைக் காப்பது, எண்ணிக்கையைக் காத்து இடைவெளியை இழப்பதைவிட மேலானது என்பது என் கருத்து. ஏழு ஆட்டங்களும் நடுவில் ஒரு பொது ஓய்வு வாரமும் வைத்திருந்தால், எட்டு என்ற எண்ணை எட்டாமலேயே அதிக அணிகள் ஏறக்குறைய சமமான எண்ணிக்கையில் ஆடியிருக்கக்கூடும். தொலைக்காட்சி ஒப்பந்தங்கள் இதை எளிதில் ஏற்றிருக்கமாட்டா என்பதை அறிவேன்.

தகுதி விதியைப் பொறுத்தவரை, ஆறு என்ற வரம்பு தவறன்று. நின்ற ஆட்டத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விதியில் விடை இல்லாததே குறை. தன் அணியின் தொற்றால் நின்ற ஆட்டத்தையும் எதிரணியின் தொற்றால் நின்ற ஆட்டத்தையும் செப்டம்பரிலேயே பிரித்து எழுதியிருந்தால் டிசம்பர் 9 கூட்டத்துக்குத் தேவையே எழுந்திருக்காது. கூட்டமைப்பு இதைப் பின்னர் உணர்ந்தது என்றே தோன்றுகிறது. தடுப்பூசி பரவலாகக் கிடைத்துவிட்ட 2021 ஆகஸ்டில், பருவம் தொடங்குமுன் அது வெளியிட்ட விதிப்படி, கோவிடால் ஆட இயலாத அணி அந்த ஆட்டத்தைத் தோற்றதாகக் கொள்ளப்படும். எதிரணி வென்றதாகப் பதியப்படும். ஆட்டம் வேறு நாளுக்கு மாற்றப்படாது.